இயந்திரத்துக்கும் நமக்கும் நடுவே

திங்கட்கிழமை காலையில் மதுரை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பலர் நேராக உள்ளே போவதில்லை. வாசலுக்கு வெளியே மடக்கு நாற்காலியும் எழுதும் அட்டையுமாக உட்கார்ந்திருக்கும் மனு எழுதுகிறவரிடம்தான் முதலில் வந்து நிற்கிறார்கள். அவர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, பங்காளிச் சண்டையின் பழைய வருத்தங்களை விலக்கி, சர்வே எண்ணையும் தேதியையும் மட்டும் பிடித்துக்கொண்டு, ஒரே பக்கத்தில் மனுவை முடித்து, கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுக்கிறார். இப்போது மனுவை இணையத்திலேயே அனுப்பலாம். 1100 என்ற எண்ணை அழைத்தும் குறையைச் சொல்லலாம். இருந்தும் அவருக்கு முன்னால் ஆட்கள் நிற்கிறார்கள்.

கணினியும் கைபேசியும் வந்தால் இடைத்தரகர் ஒழிவார் என்பது நம் காலத்தில் அரசும் வங்கியும் தனியார் நிறுவனங்களும் ஒரே குரலில் சொன்ன வாக்கு. வீட்டில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் செய்துகொள்ளலாம், யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை என்றார்கள். படித்த, கையில் நல்ல கைபேசி உள்ள, கண் தெரிகிற எனக்கு அந்த வாக்கு பெருமளவு நிறைவேறிவிட்டது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் என்னைச் சுற்றியுள்ள ஊரைப் பார்க்கும்போது, நடுவில் நின்றவர் ஒழியவில்லை, ஆள் மாறியிருக்கிறார் என்றே தோன்றுகிறது. முன்பு அவருக்கு ஒரு பெயர், ஒரு இடம், ஒரு கூலி இருந்தன. இப்போது பல வேளைகளில் இந்த மூன்றும் இல்லாத ஒருவர் அந்த வேலையைச் செய்கிறார். அவர் தவறு செய்தால் யாரைக் கேட்பது என்பதுதான் தெரிவதில்லை.

தொண்ணூறுகளில் தெருமுனைக்குத் தெருமுனை இருந்த எஸ்டிடி பூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பலகை, கண்ணாடிக் கூண்டு, தலைக்கு மேலே சிவப்பு எண்களில் ஓடும் மீட்டர், பேசி முடித்ததும் கடகடவென்று வெளியே வரும் துண்டுச் சீட்டு. எண்ணைச் சுழற்றத் தெரியாத பாட்டிக்குப் பூத்காரரே போட்டுக் கொடுப்பார். ஆனால் எவ்வளவு ஆயிற்று என்பதை அந்தச் சீட்டு சொல்லிவிடும். மாற்றுத்திறனாளிகளுக்கென்று அரசே ஒதுக்கிய பூத்கள் ஊருக்குள் நிறைய இருந்தன. உதவி அங்கே ஒரு தொழிலாக இருந்தது. கைபேசி வந்து அந்தத் தொழிலை முடித்துவைத்தது. உதவியின் தேவை மட்டும் தீரவில்லை. அது பேரன்மேலும் பக்கத்து வீட்டுப் பெண்மேலும் மருந்துக்கடைத் தம்பிமேலும் போய் விழுந்தது.

எல்லாம் கெட்டுவிட்டது என்று புலம்புவதற்காக இதை எழுதவில்லை. பத்திரப் பதிவை எடுத்துக்கொண்டால், கணினி செய்த நன்மை கண்கூடானது. ஒரு மனைக்கு வில்லங்கம் பார்க்க வேண்டுமென்றால் ஒரு காலத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, கட்டணம் கட்டி, சொன்ன தேதியில் போய், 'நாளைக்கு வாங்க' என்பதைக் கேட்டுத் திரும்பி, யாரையாவது பிடித்து வாங்க வேண்டும். 2018 பிப்ரவரியில் தமிழகம் முழுவதும் 'ஸ்டார் 2.0' என்ற மென்பொருளின் வழியே இணையவழிப் பதிவு தொடங்கியது. இன்று பதிவுத் துறையின் தளத்தில் வில்லங்க விவரத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பட்டாவையும், ஊர் நிலங்களின் விவரம் அடங்கிய அ-பதிவேட்டையும் வருவாய்த் துறையின் தளத்தில் அப்படியே பார்க்கலாம். என் தாய்மாமன் மகன் திருமங்கலம் பக்கம் ஒரு மனைக்கு முன்பணம் கொடுக்கவிருந்த சமயத்தில், இரவுச் சாப்பாடு முடிந்து அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த மனையின் வில்லங்கத்தை வரி வரியாகப் படித்தோம். பழைய அடமானம் ஒன்று பதிவாகியிருந்தது. கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிவாகவில்லை. மறுநாள் அதைக் கேட்டதும் தரகரின் பேச்சில் இருந்த அவசரம் குறைந்துவிட்டது. அவரிடம் மட்டுமே இருந்த செய்தி எங்களிடமும் வந்துவிட்டதால் உண்டான மாற்றம் அது. இப்படி ஒரு காரியத்தைச் செய்ததற்காக மட்டுமே அந்தத் தளத்தின் மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆனால் அங்கேயும் பத்திர எழுத்தர் போய்விடவில்லை. சொத்து விவரத்தைத் தட்டச்சு செய்வது, செக்குபந்தி என்னும் நான்கு எல்லை விவரத்தைப் பிசகாமல் எழுதுவது, உட்பிரிவு எண்ணைச் சரிபார்ப்பது, வழிகாட்டி மதிப்பைப் பார்த்து முத்திரைத் தீர்வையைக் கணக்கிடுவது, பதிவுக்கு நாள் நேரம் பிடிப்பது என்று முழு வேலையையும் இன்றும் பெரும்பாலும் அவர்தான் செய்கிறார். அவர் உரிமம் பெற்றவர். எழுதிய பத்திரத்தில் அவர் பெயரும் உரிம எண்ணும் இருக்கும். எல்லையில் வடக்கும் தெற்கும் மாறிப்போனால் பத்து ஆண்டு கழித்தும் அவரைத் தேடிப் போய்க் கேட்க முடியும். என் நோக்கில் இதுதான் கணினியும் மனிதரும் சேர்ந்து இருக்க வேண்டிய முறை. செய்தி எல்லோருக்கும் திறந்திருக்கிறது, செய்து கொடுப்பவருக்கு முகவரி இருக்கிறது.

இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை எங்கள் செல்லூரில் உள்ள ஒரு பிரவுசிங் சென்டரில் பார்க்கலாம். அதை நடத்தும் பெண்ணை எல்லோரும் 'கம்ப்யூட்டர் அக்கா' என்கிறார்கள். இரண்டு கணினிகள், ஒரு ஜெராக்ஸ் இயந்திரம், லேமினேஷன் பெட்டி, சுவரில் தொங்கும் நீலத் திரைச்சீலைக்கு முன்னால் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்க ஒரு ஸ்டூல். அவருடைய மேசை இழுப்பறையில் நீள நோட்டு ஒன்று இருக்கிறது. அதில் பக்கத்துக்கு ஆறு ஏழு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மின்னஞ்சல் முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்டு. கல்வி உதவித்தொகை, சாதிச் சான்றிதழ், தேர்வாணைய விண்ணப்பம், ஆதார் முகவரி மாற்றம் என்று தெருவின் பாதி வாழ்க்கை அந்த நோட்டுக்குள் அடங்கியிருக்கிறது. பாஸ்வேர்டுகளைப் பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு: பெயரின் முதல் நான்கு எழுத்து, ஒரு குறி, பிறந்த வருடம்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் சார் வைப்பேன். வேற மாதிரி வச்சா அவங்க மறந்துட்டு மறுபடியும் என்கிட்டதான் வந்து நிப்பாங்க" என்றார்.

கணினிப் பாதுகாப்பு படித்தவர்கள் இதைக் கேட்டால் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். எனக்கோ அவர் சொன்னதில் தவறு தெரியவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை தேவைப்படும் பாஸ்வேர்டை, சொந்தமாகக் கணினியே இல்லாத ஒரு குடும்பம் எங்கே வைத்துக் காப்பாற்றும்? சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சில விண்ணப்பங்களில் கைபேசி எண் கேட்கும்போது, வந்தவரிடம் ரீசார்ஜ் தீர்ந்துபோன எண் இருந்தாலோ எண்ணே நினைவில்லாவிட்டாலோ, அவசரத்துக்குத் தன் எண்ணையே போட்டுவிடுகிறார். அன்றைக்கு வேலை முடிந்துவிடும். பிறகு அந்த விண்ணப்பத்துக்கான ஒவ்வொரு குறுஞ்செய்தியும், ஒவ்வொரு ஓடிபியும் அவர் கைபேசிக்கே வரும். அவர் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது தெருவில் நான்கைந்து காரியங்கள் அப்படியே நின்றன. அவரை யாரும் குறை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அவர் வாங்கியது முப்பது ரூபாய். பொறுப்பு என்று எதையும் யாரும் அவரிடம் ஒப்படைக்கவும் இல்லை, அவர் ஏற்றுக்கொள்ளவும் இல்லை.

பொறியியல் கலந்தாய்வுக் காலத்தில் அந்தக் கடையில் நிற்க இடம் இருக்காது. 2017 வரை அந்தக் கலந்தாய்வுக்கு அப்பாவும் பிள்ளையும் இரவு ரயில் பிடித்துச் சென்னைக்குப் போய், அண்ணா பல்கலைக்கழகத்தில் வரிசையில் நின்று, திரையில் காலியிடங்களைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்து வருவார்கள். செலவும் அலைச்சலும் மிகுந்த முறைதான். மதுரைக்காரர்களுக்கு அது குறைந்தது இரண்டு நாள் வேலை. 2018 முதல் அது இணையவழியாயிற்று. அந்த மாற்றத்தோடு மாவட்டங்களில் உதவி மையங்களையும் அமைத்தார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்புக்கும் சந்தேகம் கேட்பதற்கும் அங்கே ஆள் உண்டு. இருந்தாலும் விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் வேலையைப் பலர் வீட்டருகே உள்ள கடையிலேயே முடித்துக்கொள்கிறார்கள். அங்கேதான் கண்ணி இருக்கிறது. பிள்ளை கொடுத்த பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, அவன் மதிப்பெண்ணுக்குக் கிடைக்கக்கூடியவற்றில் முதலில் வருவதைக் கணினி ஒதுக்கிவிடும். ஆகவே பட்டியலில் என்ன இருக்கிறது என்பதைவிட எந்த வரிசையில் இருக்கிறது என்பதே முக்கியம். பழைய முறையில் திரையைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு, கடைசி நொடியில் மனம் மாற இடமிருந்தது. இப்போது 'எதுக்கும் இருக்கட்டும்' என்று நடுவில் போட்ட ஒரு கல்லூரிக் குறியீடு, அதற்குக் கீழே இருந்த நல்ல கல்லூரியை எட்டாமல் செய்துவிடலாம். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தந்தை, குறியீட்டு எண்கள் எழுதிய தாளைக் கையில் பிடித்தபடி, "தாயி, நீயே நல்லதாப் பார்த்து முன்ன பின்னப் போடும்மா" என்று கம்ப்யூட்டர் அக்காவிடம் சொன்னதை நான் கேட்டேன். ஒரு பிள்ளையின் நான்கு ஆண்டுப் படிப்பைத் தீர்மானிக்கும் யோசனையை, தட்டச்சுக் கூலிக்கு அந்தப் பெண் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பணம் தொடர்பான இடங்களில் இது இன்னும் நுட்பமாக நடக்கிறது. சிம்மக்கல்லில் நான் வழக்கமாகப் பூ வாங்கும் அம்மா, விடிவதற்கு முன்பே மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போய் மல்லிகையைக் கிலோக் கணக்கில் எடுத்துவந்து, கட்டி, முழம் போட்டு விற்பவர். கை எந்நேரமும் ஈரமாக இருக்கும். ஈரச் சாக்கு மூடிய கூடையில் ஒட்டாதபடி கியூஆர் அட்டையை ஒரு கம்பியில் மாட்டி வைத்திருக்கிறார். பக்கத்தில் பணம் வந்ததைச் சொல்லும் சின்ன ஸ்பீக்கர் பெட்டி. தேசிய கொடுப்பனவுக் கழகம் யுபிஐ முறையை 2016 ஏப்ரலில் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதென்று அறிவிக்கப்பட்ட பிறகு அது வேகம் பிடித்தது. 2020 முதல் வணிகருக்குக் கட்டணமில்லை என்றானதும் கூடைக்காரர் வரை வந்துசேர்ந்தது. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் நாடு முழுவதும் 1000 கோடிப் பரிமாற்றங்களை அது கடந்தது. சில்லறைத் தகராறு ஒழிந்தது, கள்ள நோட்டுப் பயம் போயிற்று. இவையெல்லாம் மெய்யான நன்மைகள்.

ஒரு நாள் மாலை நான் பணம் அனுப்பும்போது என் திரையில் ஓர் ஆணின் பெயர் வந்தது. யார் இது என்று கேட்டேன். "அது பெரியவன் பேருய்யா. அவன் அக்கவுண்டுக்குத்தான் போகும்" என்றார். அவருக்கென்று வங்கிக் கணக்கு இல்லாமல் இல்லை. மாதந்தோறும் மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் அதில்தான் விழுகிறது. ஆனால் ஸ்மார்ட்போன் செயலியில் யுபிஐ தொடங்க வேண்டுமென்றால் வங்கியில் பதிந்த எண்ணே அந்தப் போனில் இருக்க வேண்டும். பின் நம்பர் அமைக்க ஏடிஎம் அட்டையோ ஆதார் ஓடிபியோ வேண்டும். அவரிடம் இருப்பது பொத்தான் போன். அட்டை கொடுக்க வந்த முகவருக்கும் அவசரம், மகனிடம் எல்லாம் தயாராக இருந்தது, மகன் பெயரில் முடிந்துவிட்டது. யாரும் ஏமாற்றவில்லை, மகனும் நல்லவன்தான் என்கிறார்.

இதன் விளைவைப் பாருங்கள். நாள் முழுவதும் அவர் விற்ற பூவுக்கான பணத்தில் பாதிக்கு மேல் அவர் கைக்கு வருவதில்லை. ஸ்பீக்கர் பெட்டி 'நாற்பது ரூபாய் பெறப்பட்டது' என்று சொல்லும்போது அந்தப் பணத்தை அவர் காதால் கேட்கிறார், அவ்வளவுதான். முன்பு சுருக்குப்பையில் விழுந்த காசு, என்ன செலவு செய்ய வேண்டும் என்று அவரே முடிவு செய்த காசு. சாயங்காலம் தண்டல்காரர் வந்து நிற்பார். அவருக்கு ரொக்கம்தான் வேண்டும். மறுநாள் மார்க்கெட்டில் மொத்தமாக எடுக்கவும் பணம் வேண்டும், முகூர்த்த நாளாக இருந்தால் இரண்டு மூன்று பங்கு வேண்டும். அதற்கு ராத்திரி மகனிடம் கேட்க வேண்டியிருக்கிறது. மகன் மறுப்பதில்லை, ஆனால் 'எதுக்கும்மா இவ்வளவு?' என்று ஒரு கேள்வி வருகிறது. முப்பது ஆண்டுக்கும் மேலாகத் தன் கணக்கைத் தானே பார்த்துவந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையில் அந்தக் கேள்வி இப்போதுதான் நுழைந்திருக்கிறது. பரிமாற்றங்களின் எண்ணிக்கையைச் சொல்லும் எந்த அறிக்கையிலும் இது வராது; ஏனென்றால் கணக்கின்படி ஒரு சிறு வணிகர் டிஜிட்டல் முறைக்கு வந்துவிட்டார்.

இப்படிக் கணக்கில் வராமல் போவதுதான் என்னை உறுத்துகிறது. 'ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள், பின் நம்பரை யாருக்கும் காட்டாதீர்கள்' என்று வங்கிகள் ஓயாமல் சொல்கின்றன. சொல்ல வேண்டியதுதான், அதிகாரி போலப் பேசி ஓடிபி வாங்கிப் பணத்தைச் சுருட்டுகிறவர்கள் பெருகிவிட்ட காலம் இது. ஆனால் அந்த அறிவுரை, ஆளுக்கொரு போன், அதைப் படிக்கத் தெரிந்த கண், தட்டத் தெரிந்த விரல் மூன்றும் ஒருவரிடமே இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. வீட்டுக்கு ஒரு போன் இருக்கும் இடத்தில், வந்த குறுஞ்செய்தியை மகளிடம் நீட்டி 'என்ன போட்டிருக்கு, படி' என்று கேட்பவரால் அந்த விதியை ஒரு நாள்கூடக் கடைப்பிடிக்க முடியாது. விதியை மீறித்தான் அவர் வாழ்ந்தாக வேண்டும். பிறகு ஒரு நாள் பணம் போய்விட்டால், 'நீங்கள்தானே ஓடிபி சொன்னீர்கள்' என்று பழி அவர்மேலேயே விழும். 2024-இல் வந்த யுபிஐ சர்க்கிள் என்னும் வசதியில், ஒருவர் தம் கணக்கிலிருந்து நம்பிக்கையான இன்னொருவர் பணம் செலுத்துவதற்கு முறையாக அனுமதி தரலாம்; முழு அனுமதி தந்தால் மாதத்துக்கு 15,000 ரூபாய் வரை என்ற வரம்பும் உண்டு. உதவியாளர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதை அதை வடிவமைத்தவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்ற அளவில் அது வரவேற்கத்தக்கது. சிம்மக்கல்லுக்கு வேண்டியது அதன் மறுபக்கம்: கருவி மகனிடம் இருந்தாலும் பணம் தாயின் கணக்கில் விழ வேண்டும்.

ரேஷன் கடைக்கு வருவோம். தமிழகத்தில் 2017-இல் ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020 இறுதியில் கைரேகை வைக்கும் முறை வந்தது. போலி அட்டைகளுக்கும், வாங்காத அரிசியை வாங்கியதாக எழுதுவதற்கும் இது ஒரு தடை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆயுள் முழுவதும் நாற்று நட்ட, பாத்திரம் தேய்த்த, சுண்ணாம்பு குழைத்த விரல்களில் ரேகை மங்கியிருக்கும். கட்டைவிரலைச் சேலையில் துடைத்து வைப்பதும், தலையில் தடவிக் கொஞ்சம் எண்ணெய்ப் பசையோடு மறுபடி வைப்பதும், 'அடுத்த விரல வைங்காத்தா' என்று கடைக்காரர் சொல்வதும் இன்று எந்த ரேஷன் கடையிலும் காணக்கூடியவை. வர முடியாதவர்கள் தமக்காக வேறொருவரை நியமித்துப் படிவம் கொடுக்கலாம் என்ற ஏற்பாடு இருக்கிறது. அதை அறிந்தவர்கள் குறைவு. 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கப்பட்ட தாயுமானவர் திட்டத்தில், வயது முதிர்ந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள்களை வாகனத்தில் வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள். எடைத் தராசும் கைரேகைக் கருவியும் கூடவே போகின்றன. ஆளை இயந்திரத்திடம் வரவழைப்பதற்குப் பதில் இயந்திரத்தை ஆளிடம் தூக்கிக்கொண்டு போவது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அரசியல் எதுவானாலும் அந்த யோசனை சரியானது.

இதற்கு நேர்மாறாக நடந்தது 100 நாள் வேலையில். 2023 முதல் பணித்தளத்தில் நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்துச் செயலியில் வருகை பதிவது கட்டாயமானபோது, அந்த வேலை பணித்தளப் பொறுப்பாளரான கிராமத்துப் பெண்ணின் தலையில் விழுந்தது. போன் அவருடையது, டேட்டா அவருடையது, கண்மாய்க்கரையில் சிக்னல் கிடைக்காவிட்டால் ஊர் ஏச்சும் அவருடையது.

நடுவில் நிற்கும் மனிதரை மறைக்காமல், அவரை மையமாக வைத்தே தொழில்நுட்பத்தை அமைக்க முடியுமா என்று கேட்டால், அதற்கு நான் மதுரையைவிட்டு வெளியே போய் விடை தேட வேண்டியதில்லை. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004 முதல் சிறு ஊர்களில் 'விஷன் சென்டர்' என்ற கண் பரிசோதனை மையங்களை அமைத்துவருகிறது. இன்று அவை நூற்றுக்கும் மேல். அங்கே மருத்துவர் இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற பணியாளர், பெரும்பாலும் சுற்றுவட்டாரத்துக் கிராமத்துப் பெண், கண்ணைச் சோதித்து, அளவு பார்த்து, படம் எடுத்துக் கணினியில் ஏற்றுவார். பெரிய மருத்துவமனையில் உள்ள மருத்துவர் அதைப் பார்த்துவிட்டுத் திரையில் நோயாளியோடு பேசுவார். என் சித்தியை அப்படியொரு மையத்துக்கு அழைத்துப் போயிருக்கிறேன். திரையில் டாக்டர் வேகமாகச் சொல்லி முடித்ததை, அந்தப் பெண் "ஒண்ணுமில்ல அத்தை, சக்கரையினால நரம்புல லேசாக் கசிவு இருக்குதாம், மதுரைக்கு ஒரு தரம் வந்து பெரிய மெஷின்ல பார்க்கணும்னு சொல்றாங்க" என்று மறுபடியும் சொன்னார். சித்தி தலையாட்டியது அந்தப் பெண்ணுக்குத்தான். அவருக்குச் சம்பளம் உண்டு, சீருடை உண்டு, சித்தியின் பதிவேட்டில் யார் சோதித்தார் என்ற குறிப்பும் உண்டு.

செயற்கை நுண்ணறிவு பற்றிய பேச்சுக்கும் இங்கேயே ஒரு பாடம் கிடைக்கிறது. விழித்திரைப் படத்தைப் பார்த்துச் சர்க்கரை நோயின் பாதிப்பைக் கண்டுபிடிக்கும் நிரல் ஒன்றைப் பற்றி கூகுள் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், அரவிந்த் உள்ளிட்ட இந்தியக் கண் மருத்துவமனைகளின் படங்களும் பயன்பட்டன. ஆய்வில் அது மருத்துவர்களுக்கு நிகராகச் செயல்பட்டது. ஆனால் அதைத் தாய்லாந்தின் ஊர்ப்புற மருத்துவமனைகளில் வைத்துப் பார்த்தபோது, ஐந்தில் ஒரு பங்குப் படங்களைத் தரம் போதாது என்று நிரல் ஏற்க மறுத்தது. அறையில் போதிய இருட்டு இல்லை, படத்தை ஏற்ற இணைய வேகம் இல்லை. கண்ணில் குறையில்லாதவர்களைக்கூட வேறு ஊர் மருத்துவமனைக்குப் போகச் சொல்ல வேண்டியதாகி, செவிலியர்கள்தாம் நடுவில் நின்று சமாளித்தார்கள். நிரலின் அறிவில் குறையில்லை. அந்த அறையும் அந்தச் செவிலியரும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, பெரியவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியதுதானே என்று இளைஞர்கள் கேட்பார்கள். கற்றுக்கொள்கிறார்கள், வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்ப எங்கள் தெருவில் யாருக்கும் வகுப்பு எடுக்கவில்லை. ஆனால் பழகிக்கொண்ட ஆறு மாதத்தில் செயலி தன் முகத்தை மாற்றிக்கொள்கிறது, பொத்தான் வேறு மூலைக்குப் போய்விடுகிறது. கல்வியறிவு உள்ளவருக்கு அது எரிச்சல். இடத்தை மட்டுமே மனப்பாடம் செய்தவருக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டிய வேலை. இடையில் ஆள் வைத்தால் லஞ்சம் வரும் என்பது இன்னொரு மறுப்பு. வரலாம். பெயரில்லாத ஆளைவிடப் பெயருள்ள ஆளிடம் லஞ்சத்தைத் தடுப்பது எளிது என்பதே என் பதில். இ-சேவை மையத்தில் கட்டணப் பட்டியல் இருக்கிறது, ரசீது வருகிறது, எண் வருகிறது; கூடுதலாகக் கேட்டால் கேட்பதற்கு ஒரு பிடி இருக்கிறது. மதுரை ரயில் நிலையத்தில் முன்பதிவில்லாத பயணச்சீட்டு எடுக்கும் தானியங்கி இயந்திரத்தின் அருகே, ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் நின்று சீட்டு எடுத்துக் கொடுக்கிறார். அவருக்குக் கழிவுத் தொகை தந்து அங்கே நிறுத்தியதே ரயில்வேதான். தானியங்கி என்று பெயர் வைத்துவிட்டு ஆளை நிறுத்தியிருக்கிறார்களே என்று சிலர் சிரிப்பார்கள். எனக்கு அது இந்த ஊரின் நேர்மையான ஏற்பாடுகளில் ஒன்றாகத் தெரிகிறது. வரிசை வேகமாக நகர்கிறது, யாருக்கும் வெட்கமில்லை, அவருக்கும் வருமானம்.

ஒரு வங்கிக் கிளையில் முன்பு நான்கு கவுன்ட்டர்கள் இருந்த இடத்தில் இப்போது இரண்டுதான் இருக்கின்றன. பாஸ்புக் பதிவதற்கு மூலையில் ஓர் இயந்திரம் வைத்துவிட்டார்கள். பாஸ்புக்கின் எந்தப் பக்கத்தை எப்படித் திருப்பி நுழைக்க வேண்டும் என்று தெரியாதவர்களுக்கு நுழைத்துக் கொடுப்பது, பணம் கட்டும் சலானை நிரப்பிக் கொடுப்பது, எல்லாம் வாசல் காவலாளி. அவரைக் காவலுக்கென்று ஏஜென்சியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். இந்த வேலைக்கு அவருக்கு ஒரு ரூபாயும் கிடையாது. குறைந்துபோன இரண்டு கவுன்ட்டர்களின் சம்பளம் வங்கிக்கு மிச்சம். அந்த மிச்சத்தில் ஒரு பங்கை எடுத்து, பெயர் அட்டை மாட்டிய ஓர் உதவியாளரை உட்கார வைப்பதற்கு எந்தப் புதிய கண்டுபிடிப்பும் தேவையில்லை. அதேபோல, பத்திர எழுத்தருக்கு இருப்பதைப் போன்ற எளிய உரிமம் ஒன்றைப் பிரவுசிங் சென்டர்களுக்கும் கொடுத்து, கட்டணப் பட்டியல், செய்த வேலையின் பதிவேடு, பெயர் போட்ட ரசீது மூன்றையும் கட்டாயமாக்கலாம். விண்ணப்பதாரரின் எண்ணுக்குப் பதிலாக உதவியாளரின் எண்ணைப் போட வேண்டி வந்தால், அது உதவியாளரின் எண் என்று தனியாகக் குறிக்க ஒரு கட்டமும் படிவத்தில் வேண்டும்.

இந்த உரிம யோசனையைக் கம்ப்யூட்டர் அக்காவிடம் சொன்னேன். ஒரு மாணவியின் படத்தைக் கேட்ட அளவுக்குச் சுருக்கிக்கொண்டிருந்தவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"குடுத்தா நல்லதுதான் சார். ஆனா அதுக்கும் ஆன்லைன்லதான அப்ளை பண்ணச் சொல்வாங்க? பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு அதெல்லாம் வராது, அவருக்கும் நான்தான் போட்டுக் குடுக்கணும்."